பெட்டிக்குள் கறுத்த வெள்ளி



சென்ற மாதம் வீடு மந்திரிக்கப் போயிருந்தபோது, நம் சின்னாளப்பட்டியில் ஒரு தறிக்காரர் வீட்டில் வயதான அம்மாள் ஒருத்தி பீரோவைத் திறந்து ஒரு சிறு துணிமூட்டையை எடுத்துவந்து என் முன் வைத்தாள். "சாமி, இதையும் மந்திரிச்சுக் குடுங்க. பேரப்புள்ளைக்கு ஞானஸ்நானத்தன்னைக்குப் போடணும்" என்றாள். அவிழ்த்துப் பார்த்தால் ஒரு வெள்ளி அரைஞாண், ஒரு ஜோடித் தண்டை, பால் புகட்டுகிற சங்கு ஒன்று. எல்லாம் அடுப்புக்கரியைப்போல் கறுத்திருந்தன. அந்த அம்மாளுக்கு வெட்கமாய்ப் போயிற்று. அவளுடைய மருமகள் கதவோரத்தில் நின்றுகொண்டு, "நெசமான வெள்ளியா இருந்தா இப்படியா கறுக்கும்?" என்று தணிந்த குரலில் சொன்னாள். தணிந்த குரல்தான். ஆனால் மாமியார் காதில் விழும்படியான தணிந்த குரல்.

நான் தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லி, அந்த வீட்டாரிடம் ஒன்றிரண்டு விஷயம் சொல்லிவிட்டு வந்தேன். அவற்றைச் சற்று விரிவாக எல்லாக் குடும்பங்களுக்கும் எழுதலாம் என்று தோன்றியது. வெள்ளி துலக்குவதைப் பற்றிப் பங்குச் சுவாமியார் எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த ஸ்திரீயைப் பற்றி நம் ஆண்டவரே பேசியிருக்கிறார். லூக்காஸ் சுவிசேஷம் 15-ம் அதிகாரத்தில் அந்த உவமை இருக்கிறது. அவள் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும்வரை தேடினாள். மண்தரையில் புழுதிக்குள் கிடந்த காசு கையில் கிடைத்தபோது பளபளவென்றா இருந்திருக்கும்? அழுக்காய்த்தான் இருந்திருக்கும். அப்படியிருந்தும் அண்டை வீட்டு ஸ்திரீகளைக் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டாள். காசு அவளுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

முதலாவது, வெள்ளி ஏன் கறுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அநேகர் இதைத் துரு என்கிறார்கள். துரு வேறு. இரும்பு காற்றும் ஈரமும் பட்டுத் துருப்பிடித்து, செதில் செதிலாய் உதிர்ந்து, நாளாவட்டத்தில் ஓட்டையாகிப் போகும். வெள்ளியின் சமாச்சாரம் அப்படியல்ல. காற்றில் மிகச் சொற்பமாய்க் கந்தக வாயு கலந்திருக்கிறது. அழுகின முட்டையின் நாற்றம் அந்த வாயுவின் நாற்றந்தான். அது வெள்ளியின் மேல்தோலில் ஒட்டிச் சேர்ந்து, சல்பைடு என்கிற கறுப்புப் படலமாகிறது. ஒரே நாளில் கறுத்துவிடுவதில்லை. முதலில் பழுப்பு மஞ்சள் ஏறும், பிறகு தவிட்டு நிறம், பிறகு ஒருவித நீலம், கடைசியில் கறுப்பு. இந்த நிறங்கள் எல்லாம் அந்தப் படலம் கனத்துக்கொண்டு போகிறது என்பதற்கு அடையாளங்கள். அந்தக் கறுப்புக்குக் கீழே வெள்ளி வெள்ளியாகவே இருக்கிறது.

கந்தகம் எங்கிருந்து வருகிறது என்றால், எங்கும் இருக்கிறது. தெருச் சாக்கடையில் இருக்கிறது. அடுப்புப் புகையில் இருக்கிறது. தீக்குச்சியிலும், திருவிழாவுக்கு நாம் போடுகிற வாணவெடியிலும் இருக்கிறது. முட்டையிலும் வெங்காயத்திலும் இருக்கிறது. வெள்ளிக் கரண்டியால் அவித்த முட்டையைத் தின்றால் கரண்டி கறுப்பதைப் பார்க்கலாம். ரப்பர் வளையத்திலும் கம்பளித் துணியிலும் இருக்கிறது. சாயம் தெரிந்த ஊர் நம் ஊர். கந்தகம் சேர்ந்த கறுப்புச் சாயம் கரைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளியை வைத்தால் என்ன ஆகும் என்று பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சரிகையின் சங்கதியும் இதுதான். அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றி, தங்கமுலாம் பூசினது. முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி தலைகாட்டி, காற்றுப் பட்டுக் கறுக்கிறது. கலியாணப் பட்டின் கரை மங்கிவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுகிறோமே, அதில் பாதித் திட்டு காற்றுக்குச் சேரவேண்டியது.

ஆகையால் அந்த மருமகளின் கேள்விக்குப் பதில் இது: கறுத்தது என்பதைக்கொண்டு போலி என்று சொல்ல ஒரு நியாயமும் இல்லை. (வெள்ளிமுலாம் பூசின பித்தளையும் கறுக்கும், எனவே கறுப்பை மாத்திரம் வைத்து அசல் என்று சாதிக்கவும் முடியாது.) உங்கள் பெட்டிகளில் பழைய ரூபாய்கள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். விக்டோரியா மகாராணி தலை போட்ட ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, எடை 11.66 கிராம். அது கறுத்திருக்கும். 1940 முதல் ரூபாயில் பாதிதான் வெள்ளி. மிச்சம் செம்பும் வேறு உலோகங்களும். 1947-ம் வருஷத்து ரூபாயில் வெள்ளி கொஞ்சமும் கிடையாது, முழுக்க நிக்கல். மூன்றும் ஒரே பையில் கிடந்தால், பளிச்சென்று இருப்பது அந்த வெள்ளியில்லாத ரூபாயாகத்தான் இருக்கும். (பழங்காசுகளை மட்டும் துலக்கிவிடாதீர்கள். காசு சேர்ப்பவர்கள் துலக்கின காசுக்கு விலை குறைத்துவிடுவார்கள்.)

இதை எழுதும்போது, பல வருஷங்களுக்கு முன், இந்தப் பக்கத்தைச் சேராத வேறொரு பங்கில் நடந்தது ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் அப்போது இளங்குரு. அங்கே அண்ணன் தம்பி இருவர். இருவருக்கும் கலியாணமாகிக் குழந்தை குட்டிகள் உண்டு. தாயார் இறந்தபின் சொத்துப் பிரிந்தது. நிலம் பிரிந்தது, வீடு பிரிந்தது, மாடு கன்றும் பிரிந்தது. தாயாருடைய வெள்ளிச் செம்பு ஒன்றும் கொலுசு ஒரு ஜோடியும் மாத்திரம் பிரியவில்லை. இரண்டு மருமகள்களும் எனக்கு, உனக்கு என்றார்கள். பெரியவர்கள் கூடிப் பேசி, தீர்ப்பாகும்வரை அண்ணன் வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார்கள். கெட்டிக்காரத் தீர்ப்பு! பெட்டி ஒருவன் வீட்டில், சாவி ஒருவன் இடுப்பில். ஒன்பது வருஷம் ஒருவரும் திறக்கவில்லை. ஒன்பது வருஷம் இரண்டு வீட்டாரும் பேசவுமில்லை. கோயிலில் ஒரே பக்கத்தில் உட்காரமாட்டார்கள். திவ்விய நற்கருணை வாங்க ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்கார்ந்துகொள்வார்.

தம்பியின் மூத்த பெண்ணுக்குக் கலியாணம் நிச்சயமானது. அந்தச் சாக்கில் நானும் உபதேசியாரும் போய்ப் பேசி, பெட்டியைத் திறக்க இரண்டு பேரையும் சம்மதிக்க வைத்தோம். பழைய செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார்கள். ரப்பர் உருகிச் செம்பின் கழுத்தில் ஒட்டியிருந்தது. அவிழ்த்த மாத்திரத்தில் தம்பி பெண்சாதி "ஐயையோ!" என்று அலறினாள். இரும்புச் சட்டியைப் போல ஒரு செம்பு. "எங்க அத்தையோட செம்பு வெள்ளைவெளேர்னு இருக்கும். இது அந்தச் செம்பே இல்ல. ஈயத்த வச்சுட்டு வெள்ளிய வித்துட்டாக" என்றாள். அண்ணன் பெண்சாதி பதில் சொல்லவில்லை. முகம் செத்துப்போய் நின்றாள். தன் வீட்டில் ஒன்பது வருஷம் இருந்த பெட்டி. தான் தொடவே இல்லை என்று அவளுக்குத் தெரியும். பொருளோ கறுத்துக் கிடக்கிறது. அவள் சொல்வதை யார் நம்புவார்?

நானும் சந்தேகப்பட்டேன் என்பதை ஒளிக்கமாட்டேன்.

ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவர் வந்து செம்பைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல், மெல்லிய துணியில் கொஞ்சம் விபூதியைத் தொட்டு, செம்பின் அடியில் பெருவிரல் அகலத்துக்குத் தேய்த்தார். வெள்ளைவெளேரென்று ஒரு வட்டம் வந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தபோது புள்ளி குத்தி வெட்டியிருந்த எழுத்து ஒன்று தெரிந்தது. அவர்கள் தாயார் பெயரின் முதலெழுத்து. அவ்வளவுதான். ஆசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார், கூலிகூட வாங்கவில்லை.

இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுதினால் வாசிக்க நன்றாயிருக்கும். அப்படி நடக்கவில்லை. தம்பி பெண்சாதி வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். சற்று நேரங்கழித்து அண்ணன் பெண்சாதி கொலுசை எடுத்துக்கொண்டு அதே கிணற்றடிக்குப் போனாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் துலக்கினார்கள். கலியாணத்தன்று அந்தச் செம்பில்தான் பன்னீர் இருந்தது. ஆனால் "வித்துட்டாக" என்று சொன்ன வார்த்தை இருக்கிறதே, அது முழுவதும் போக மேலும் இரண்டு வருஷம் பிடித்தது. ஒரு தவக்காலத்தில் அவளே போய் மன்னிப்புக் கேட்டாள் என்று, நான் அந்தப் பங்கைவிட்டு மாறினபின் கேள்விப்பட்டேன்.

கிறீஸ்தவர்களே, நாம் இதைச் செம்புக்கு மாத்திரமா செய்கிறோம்? பத்து வருஷமாய்ப் பூசைக்கு வராத மகன் ஒருவன் வீட்டில் இருப்பான். குடித்துக் கெட்ட தம்பி ஒருவன் இருப்பான். ஓடிப்போய்க் கலியாணம் செய்துகொண்ட பெண் ஒருத்தி திண்டுக்கல்லிலோ மதுரையிலோ இருப்பாள். அவர்களைப் பற்றி நாம் சொல்லுகிற முதல் வார்த்தை என்ன? "அவன் ஒன்றுக்கும் உதவாதவன். அவள் எங்கள் பிள்ளையே இல்லை." அதாவது, செம்பு மாறிவிட்டது, இது ஈயம் என்கிறோம். திருச்சபையோ அப்படிச் சொல்லுவதில்லை. ஞானஸ்நானம் ஆத்துமத்தில் போடுகிற முத்திரை எந்தப் பாவத்தினாலும் அழியாதது என்று அவள் போதிக்கிறாள். சாவான பாவம் தேவ இஷ்டப்பிரசாதத்தைப் போக்கடிக்கும், ஆத்துமத்தைக் கரியாக்கும், முத்திரையை அழிக்காது. ஆகவேதான் கெட்டுத் திரும்பினவனுக்கு இரண்டாந்தரம் ஞானஸ்நானம் கொடுக்கிற வழக்கமில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்தால் போதும். ஆசாரி பெருவிரல் அகலத்துக்குத் தேய்த்துப் பார்த்தாரே, அவ்வளவாவது பொறுமை நமக்கு வேண்டாமா?

நிற்க, துலக்கும் முறைக்கு வருகிறேன். தாய்மார் இதற்காகத்தான் காத்திருப்பீர்கள்.

மஞ்சள் ஏறின மட்டில் இருந்தால், வெந்நீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஈரம் போகத் துடைத்தாலே போதும். பூந்திக்கொட்டைத் தண்ணீரும் நல்லது. தவிட்டு நிறமாகிவிட்டால் மெல்லிய பொடி வேண்டும். நம் நாட்டில் வெள்ளி துலக்க விபூதியை விஞ்சினது கிடையாது. அவ்வளவு நைசான சாம்பல் அது. கடையில் கேட்டு வாங்கக் கூச்சப்படுகிற தாய்மார் நம்மில் உண்டு. வெள்ளி துலக்க வாங்குவதற்கு என்ன கூச்சம்? ஆனால் இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்றால் வேண்டாம். அது இல்லையென்றால் சாக்கட்டியைப் பொடித்துச் சலித்து, தண்ணீரில் குழைத்துத் தேய்க்கலாம். (விபூதிப் புதனுக்கு மந்திரித்த சாம்பலை இதற்கு எடுக்கக்கூடாது. சிரிக்காதீர்கள், ஒரு அம்மாள் என்னைக் கேட்டதுண்டு.) வட்டமாய்ச் சுற்றித் தேய்க்காமல், நீளவாக்கில் ஒரே போக்கில் தேய்த்தால் கீறல் தெரியாது.

புளியும் எலுமிச்சையும் பித்தளைக்கும் செம்புக்கும் உரியவை; வெள்ளிக்கு வேண்டாம். புளித்தண்ணீரில் உப்பும் சேர்த்து வெள்ளியை ஊறவைக்கிறவர்கள் உண்டு; உப்பு வெள்ளிக்குப் பகை, நாளடைவில் குழி விழும். மணலும் தேங்காய் நாரும் வெள்ளியின் பக்கமே வரக்கூடாது. துணிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர் வெள்ளியைச் சுத்தம் செய்யாது, இன்னும் கறுக்கவைக்கும். பற்பசையால் தேய்க்கிற வழக்கம் இப்போது வந்திருக்கிறது. சில பசைகளில் இருக்கிற பொடி வெள்ளிக்கு முரடு. அவசரத்துக்கு ஒருதரம் செய்தால் குடி முழுகிவிடாது, வழக்கமாக்க வேண்டாம்.

முக்கியமாய் ஒன்று கவனியுங்கள். தேய்த்துத் துலக்குகிற ஒவ்வொரு தடவையும் கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் போகிறது. ஏனென்றால் அந்தக் கறுப்பே கந்தகத்தோடு சேர்ந்த வெள்ளிதான். பாட்டன் காலத்துத் தட்டில் பூவேலை மழுங்கியிருப்பதும், முலாம் பூசின பாத்திரத்தில் விளிம்பில் செம்பு தெரிவதும் இப்படித் தேய்த்துத் தேய்த்துத்தான்.

தேய்க்காமலே கறுப்பெடுக்க ஒரு வழி உண்டு. பீங்கான் பாத்திரத்திலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ அடியில், சாப்பாடு பொட்டலம் கட்டுகிற அலுமினியத் தாளை விரியுங்கள். அதன்மேல் வெள்ளியை, தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வையுங்கள். ஒரு லிட்டர் கொதித்த தண்ணீருக்கு நாலு மேஜைக்கரண்டி ஆப்பசோடாவும் ஒரு கரண்டி உப்பும் கரைத்து, வெள்ளி முழுகும்படி ஊற்றுங்கள். அந்த உப்பு சில நிமிஷத்துக்குத்தான். ஊறப்போடுகிற சங்கதி இல்லை. அழுகின முட்டை நாற்றம் லேசாக வரும். பயப்படவேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சில நிமிஷத்தில் வெள்ளி வெளுக்கும், தாள் மங்கிப்போகும். நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்துவிடுங்கள். முத்து, பவளம், கல் பதித்தவை, அரக்கு அடைத்த நகைகள், வேலைப்பாடு எடுப்பாய்த் தெரிய வேண்டுமென்றே கறுப்பு ஏற்றினவை, இவற்றை இப்படிப் போடக்கூடாது.

இதில் என்ன நடக்கிறது தெரியுமா? அலுமினியம் வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளுகிறது. வெள்ளி துளியும் குறையாமல், கந்தகத்தோடு போயிருந்த வெள்ளியும் திரும்பவந்து ஒட்டிக்கொள்ளுகிறது. மற்றொன்றின் கறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, தான் மங்கிப்போகிற அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கல்வாரி ஞாபகம் வருகிறது. மலிவான தாளை நம் ஆண்டவருக்கு ஒப்பிடலாமா என்று ஒரு நண்பர் கண்டித்தார். அவர் மாட்டுத்தொழுவில் பிறந்தவர். தாளுக்குக் கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன். வெள்ளி தாளைத் தொடவேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒரே தண்ணீரில் கிடந்தும், தாளைத் தொடாத கொலுசு கறுப்பாகவே கிடக்கும். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குள் வந்து, தூணோரம் நின்று, பூசை முடியுமுன் வெளியே போகிறவர்களும் இருக்கிறார்கள் அல்லவா?

இன்னொரு எச்சரிக்கை. "பாத்திரம் பாலிஷ், நகை பாலிஷ்" என்று தெருவில் வருகிறவர்களிடம் பெண்கள் தனியாயிருக்கிற நேரத்தில் நகையைக் கொடுக்காதீர்கள். திராவகத்தில் முக்கி எடுத்தால் பளபளப்பு வரும். வெள்ளியும் தங்கமும் கரைந்து அவர்கள் கிண்ணத்தில் போய்ச் சேரும். பிற்பாடு நிறுத்துப் பார்த்தால்தான் தெரியும். இப்படி ஏமாந்த குடும்பங்கள் எத்தனையோ ஊர்களில் உண்டு. தெரிந்த ஆசாரியிடமே கொடுங்கள். கொடுக்கும்போது ஒருதரம், வாங்கும்போது ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். ஆசாரி கோபிக்கமாட்டார், கோபித்தால் வேறு ஆசாரியிடம் போங்கள்.

துலக்கினதை வைக்கிறது எப்படி? நன்றாய் உலர்ந்தபின், துவைத்த மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில் வையுங்கள். ஈரத்தை இழுக்க ஒரு துண்டுச் சாக்கட்டி போடலாம். செய்தித்தாள் வேண்டாம், ரப்பர் வேண்டாம், கம்பளி வேண்டாம். அந்தச் செம்பு ஒன்பது வருஷத்தில் எப்படி அவ்வளவு கறுத்தது என்று இப்போது விளங்கும்.

ஆனால் இவ்வளவு சொன்னபிறகும், வெள்ளியை வெள்ளையாய் வைக்கிற மேலான வழி அதை எடுத்துப் புழங்குவதுதான். தினம் பால் புகட்டுகிற சங்கு கறுப்பதில்லை. தினம் கழுவித் துடைக்கிறோம். காலில் கிடக்கிற கொலுசில் உராய்கிற இடமெல்லாம் வெள்ளை, பூவேலையின் பள்ளத்தில் மாத்திரம் கறுப்பு. நெசவாளிகளாகிய உங்களுக்குத் தெரியும்: கையில் ஓடுகிற நாடா வழவழவென்று இருக்கும், பரணில் போட்ட நாடாவில் பூச்சி ஏறும். நம் ஊரில் கைத்தறிச் சத்தம் முன்போல் இல்லை, எத்தனையோ நாடாக்கள் பரணுக்குப் போய்விட்டன. அது வேறு துக்கம்.

உடன்பிறந்தானுக்காகவும் சிநேகிதனுக்காகவும் பணத்தை இழந்துபோனாலும் போகட்டும், கல்லின்கீழ் கிடந்து கெட்டுப்போக விடாதே என்கிற கருத்தைச் சீராக் ஆகமம் 29-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அர்ச். யாகப்பர் தம் நிருபத்தில் இன்னும் கடுமையாய்ப் பேசுகிறார்: குவித்துவைத்த பொன் வெள்ளியில் ஏறின களிம்பு, கடைசி நாளில் ஐசுவரியவான்களுக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்லும் என்கிறார். அவர் எதைக் கண்டிக்கிறார் என்று அதே அதிகாரத்தில் தெரிகிறது: வயலறுத்த கூலியாளுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியை. வெள்ளி கறுத்ததற்காக ஒருவரும் நரகத்துக்குப் போவதில்லை. எவனுடைய கூலி அந்தப் பெட்டிக்குள் கிடந்து கறுத்தது என்பதுதான் கேள்வி.

மிலான் நகர் மேற்றிராணியாராயிருந்த அர்ச். அம்புரோசியாரைப் பாருங்கள். நாலாம் நூற்றாண்டின் பிற்பாதியில், 378-ம் வருஷத்து யுத்தத்தில் ரோமாபுரிச் சேனை தோற்றபின், அநேகம் ஜனங்கள் சிறைபிடிக்கப்பட்டுப் போனார்கள். அவர்களை மீட்கப் பணமில்லை. அம்புரோசியார் கோயிலின் திருப்பாத்திரங்களை உடைத்து உருக்கி, அந்த விலையைக் கொடுத்துச் சிறைப்பட்டவர்களை மீட்டார். விரோதிகள் அவரைத் தூஷித்தார்கள். திருச்சபைக்குப் பொன் இருப்பது காத்துவைக்க அல்ல, வேண்டியவர்களுக்குச் செலவிடவே என்ற கருத்தில் அவர் தைரியமாய்ப் பதில் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பாத்திரங்கள் அதற்குப்பின் ஒருநாளும் கறுக்கவில்லை.

உங்களை வெள்ளியை உருக்கச் சொல்லவில்லை. தறி ஓடாத மாதத்தில் உங்கள் கொலுசு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அடகுக்கடைப் பெட்டியில் வட்டி ஏறிக்கொண்டு கறுக்கிறது. பள்ளிச் சம்பளத்துக்காகவும் வைத்தியத்துக்காகவும் வைத்ததென்றால் அதில் ஒரு வெட்கமும் வேண்டாம். வெள்ளி அதற்காகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி அதற்காக உங்களை இளக்காரமாய்ப் பேசினால், அவள் பீரோவில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்விட்டுக் கேட்டுவிடாதீர்கள், அப்புறம் நான்தான் வந்து சமாதானம் பேசவேண்டும்.

அந்தப் பாட்டியம்மாள் வீட்டுச் சங்கதியைச் சொல்லி முடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்குப்பின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்பில் அரைஞாண் பால்போல் இருந்தது. "யார் துலக்கினது?" என்று கேட்டேன். பாட்டி மருமகளைக் காட்டினாள். மருமகள், "அத்தைதான் சொல்லிக் குடுத்தாக சாமி" என்றாள். தணிந்த குரலில்தான் சொன்னாள்.

கோயில் அறிவிப்பு ஒன்று. நம் கோயில் தூபகலசமும் மெழுகுதிரித் தண்டுகளும் திருநாளுக்குமுன் துலக்கவேண்டியிருக்கின்றன. சனிக்கிழமை மாலை ஜெபமாலைக்குப்பின் வரக்கூடிய தாய்மாரும் பெண்களும் வரலாம். ஆண்பிள்ளைகளுக்கும் கை உண்டு, அவர்களும் வரலாம். பூசைக் கலசத்தையும் திருத்தட்டையும் நான் பார்த்துக்கொள்ளுகிறேன். ஒன்றோடொன்று பேசாத வீட்டார் யாராவது இருந்தால், இரண்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் கட்டாயம் வரவேண்டும். தூபகலசத்தின் சங்கிலி நீளம், இரண்டு பேர் பிடித்தால்தான் துடைக்கமுடியும். பழைய வேட்டித் துணி கொண்டுவாருங்கள். புளி கொண்டுவராதீர்கள்.